ஒரு செட் சளி மாத்திரை

முப்பது வருஷம் மெடிக்கல் ஷாப்பில் பார்மசிஸ்டாக இருந்தேன். கடையைப் போட்டது போட்டபடி விட்டுவிட்டு ஓடியது ஒரே ஒரு நாள்தான். காரணம், நான் கொடுத்த சளி மாத்திரை.

உத்திரமேரூர் பஸ் ஸ்டாண்டு பக்கம் எங்கள் கடை. சளி, ஜுரம் என்றால் யாரும் மருந்தின் பேரைச் சொல்ல மாட்டார்கள். "ஒரு செட் குடு" என்பார்கள். மூன்று நாலு மாத்திரையைக் கத்தரித்துக் கவரில் போட்டு நீட்டிவிடுவோம். நான் வாய் ஓயாமல் பேசுகிறவள். கேட்க வேண்டியதை மட்டும் கேட்டதில்லை.

அன்று தும்மிக்கொண்டே ஒருவர் வந்தார். அறுபதைத் தாண்டியவர். "ஒரு செட் குடும்மா, நாளைக்கு நடவு கீது" என்றார். கொடுத்தேன்.

மறுநாள் பதினோரு மணிக்குக் கன்னியம்மாள் ஓடிவந்தார். கணவர் ஏழுமலையின் ப்ராஸ்டேட் வீக்கத்துக்கு மாதாமாதம் டாம்சுலோசின் வாங்கிப்போகிறவர். சீட்டில் பேர் இருக்கும், ஆளை நான் பார்த்ததில்லை. ஒண்ணுக்குப் போகிற மாத்திரையைப் பொம்பளையிடம் கேட்க அவருக்கு வெட்கமாம்.

"எம்மா, எங்க வூட்டுக்காரருக்குக் காத்தாலருந்து ஒரு சொட்டு போவல. அடிவயிறு கல்லாட்டம் கீது, துடிச்சிக்கினு கீறாரு. நேத்து உன் கையாலதான் சளி மாத்திர வாங்கினு வந்தாரு!"

நேற்று தும்மிக்கொண்டே வந்தவர்தான் ஏழுமலை! ப்ராஸ்டேட் வீங்கியவருக்கு அந்தச் சளி மாத்திரை மூத்திரத்தை அடைத்துவிடலாம். பரீட்சையில் எழுதிப் பாஸ் பண்ணியிருக்கிறேன். படித்து என்னத்தைக் கிழித்தேன்!

கடையை அப்படியே விட்டுவிட்டு அவர்கள் வீட்டுக்கு ஓடி, ஆட்டோவில் அவரை ஏற்றி ஆஸ்பத்திரிக்குப் போனோம். மாத்திரை அட்டையை டாக்டரிடம் காட்டி நடந்ததைச் சொன்னேன். டியூப் போட்டு மூத்திரத்தை இறக்கியதும் ஏழுமலைக்கு உயிர் வந்தது.

"டாம்சுலோசின விடாம சாப்பிடுங்க. மூணு நாள் கழிச்சு டியூப எடுப்போம். தானா போனா சரி, இல்லன்னா ஆபரேஷன் பத்தி யோசிக்கணும்" என்றார் டாக்டர்.

"ஆபரேசன்னா நான் எப்டி வேலைக்குப் போவேன்?" என்று ஏழுமலை கலங்கினார்.

"கேட்காம குடுத்தது என் தப்புண்ணா" என்றேன்.

"நான் சொல்லாதது மட்டும் ரைட்டா இன்னா?" என்றார்.

மூன்று நாளும் எனக்குச் சோறு இறங்கவில்லை. டியூபை எடுத்த அன்று கன்னியம்மாளும் நானும் பாத்ரூம் கதவையே பார்த்துக்கொண்டு நின்றோம். சத்தமே இல்லை. கன்னியம்மாள் என் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டார். அப்புறம் வார்டே திரும்பிப் பார்க்கிற மாதிரி உள்ளேயிருந்து ஒரு குரல்.

"அடியே கன்னியம்மா, போவுதுடி!"

அழுதுகொண்டே சிரித்தேன். அதற்கப்புறம் வயசான ஆண்கள் யார் செட் கேட்டாலும், "ஒண்ணுக்கு நல்லா போவுதா? வேற மாத்திரை எதாவது சாப்பிடறீங்களா?" என்று கேட்காமல் கொடுத்ததில்லை. கவுண்ட்டரில் நிற்கிற பிள்ளைகளே, நீங்களும் கேளுங்கள். திட்டினால் திட்டிவிட்டுப் போகட்டும்.

அடுத்த மாதம் ஏழுமலை தானே வந்தார். கடையில் நல்ல கூட்டம். "எம்மா, ப்ராஸ்டேட் மாத்திர குடு" என்று சத்தமாகக் கேட்டார். பக்கத்தில் நின்றவர் குனிந்து, "எனக்கும் அந்தத் தொந்தரவுதான். அது இன்னா மாத்திர?" என்று கிசுகிசுத்தார்.

"மாத்திர அப்பறம், மொதல்ல டாக்டராண்ட போ" என்றார் ஏழுமலை. "வெக்கப்பட்டுக்கினு வூட்ல குந்தாத."