பசித்த தொட்டிகள்

நுண்நோக்கியில் கண்ணை வைத்தபடி அன்ரி அசையாமல் நின்றார். இரண்டு கண்ணாடிக் கிண்ணங்களையும் மாற்றி மாற்றி வைத்துக் காட்டியது நான்தான். ஒன்றில், கடற்பாசியை வயிறு நிறையத் தின்ற கடல் முள்ளெலிகள் என்ற, முட்பந்து போன்ற உயிர்களின் குஞ்சுகள். மற்றதில், அரைவயிற்றுக்கு உலர்தீன் மட்டும் பெற்ற தாய்களின் குஞ்சுகள். பிறந்தபின் எல்லாவற்றுக்கும் ஒரே உணவு, ஒரே நீர், ஒரே சூடு. ஆனாலும் இரண்டாவது கிண்ணத்தில் இருந்தவை சிறுத்து, கைகள் கோணி, நின்ற இடத்திலேயே சுழன்றுகொண்டிருந்தன.

மெல்பேர்னுக்கு வெளியே, குடாவின் கரையில் இருந்த அந்த ஆய்வுகூடத்தில் அளவுகளைக் குறிப்பது என் வேலை. தொட்டிகளைக் கழுவித் தீன் போடுவது அன்ரியின் வேலை. மன்னார்க்காரர்; பக்கத்துப் புறநகரான வெரிபீயில் மகளோடு இருந்தார். "உன்ர கொப்பியில நான் தும்மினதும் இருக்குமே?" என்று என்னைச் சீண்டுவார். என் குறிப்பேட்டில் தும்மல் இருக்கவில்லை. அவர் ஐந்து நிமிடம் பிந்தி வந்த நாட்கள் இருந்தன.

அன்று அவர் சீண்டவில்லை. "பிறகு நல்லாக் குடுத்தாலும் சரிவராதோ, பிள்ளை?"

"இல்லை அன்ரி. முட்டையில என்ன இருந்ததோ அவ்வளவுதான்."

"அப்ப தாயிலதான் பிழை."

"ஓம்," என்றேன்.

நான் முள்ளெலிகளைப் பற்றித்தான் சொன்னேன். மகள் வயிற்றில் இருந்த மாதங்களில் அன்ரி போரில் இடம்பெயர்ந்து, முகாமில் ஒருநேரக் கஞ்சியோடு கிடந்தவர் என்பது எனக்குத் தெரியும். அந்தப் பெண் வளர்ந்த பின்னும் பள்ளிப் பிள்ளைகளின் சட்டையைப் போடுபவள், படியேறினால் மூச்சு வாங்குபவள் என்பதும் தெரியும். இரண்டையும் சேர்த்துப் பார்க்க எனக்குத் தோன்றவில்லை. அவருக்குத் தோன்றியது.

அடுத்த வாரம், பட்டினி போட்டிருந்த தாய்களின் தொட்டிகளில் முட்களுக்கிடையே கடற்பாசித் துணுக்குகள் சிக்கியிருந்தன. அந்த முள்ளெலிகளின் நிறையும் கூடியிருந்தது. அன்ரியிடம் கேட்டேன். அவர் மறைக்கவில்லை.

"தவக்காலத்தில கூட, வயித்தில பிள்ளையோட இருக்கிறவைக்கு ஒறுத்தல் உபவாசம் இல்லையெண்டு சேர்ச்சில சுவாமியே சொல்லுவார். உதுகளுக்கு மட்டும் ஏனடி?"

நான் குறிப்பேட்டில் எழுதினேன்: நாள், நேரம், தொட்டி எண்கள், அவர் பெயர். சோதனையை முதலிலிருந்து தொடங்க வேண்டியதாயிற்று. அன்ரியை வேலையிலிருந்து நிறுத்தினார்கள். "நடந்ததைத்தானே எழுதினனீ," என்று ஏப்ரனை மடித்து என் மேசையில் வைத்துவிட்டுப் போனார். அந்தக் குரலில் கோபம் இருந்திருந்தால் நான் கொஞ்சம் நிம்மதியாக உறங்கியிருப்பேன்.

இரண்டாம் முறை குஞ்சுகளைக் கூடுதல் நாட்கள் வளர்த்தோம். பசித்த தாய்களின் குஞ்சுகளிலும் பல, போதிய உணவு கிடைத்ததும் மெல்ல நிமிர்ந்தன. சில வளர்ச்சியில் மற்றக் கிண்ணத்துக் குஞ்சுகளை எட்டிப் பிடித்தன. முதல் வாரத்தை மட்டும் பார்த்துவிட்டு, முழுவதும் பார்த்தவள்போல நான் அன்ரிக்குப் பதில் சொல்லியிருந்தேன். அளவுகளில் பிழை விடாதவள் என்று பெயர் எடுத்த நான், அந்த ஒரு பதிலில் பிழை விட்டேன். "அன்ரியிடம் சொல்ல வேண்டும்" என்று நாட்குறிப்பில் எழுதினேன். ஒவ்வொரு ஆண்டும் புதிய நாட்குறிப்பு தொடங்கும்போது அதே வரியை முதல் பக்கத்துக்கு மாற்றி எழுதினேன். ஆறு முறை எழுதினேன். போகவில்லை.

சென்ற மாதம் போனேன். வந்தவளைச் சாப்பிடாமல் விடமாட்டேன் என்று அன்ரி மேசையில் இருத்தினார். எதிரே மகள், முன்பைப் போலவே மெலிந்து. நான் தொடங்கினேன்.

"அண்டைக்கு நான் சொன்னது முழுக்கச் சரியில்லை அன்ரி. பிந்தியெண்டாலும், நல்லாக் குடுக்கக் குடுக்கக் கன குஞ்சுகள் தேறினதுகள். எல்லாம் தாயோட முடியிறதில்லை."

அன்ரி கவனமாகக் கேட்டார். "நல்லது பிள்ளை," என்றார். தன் தட்டில் இருந்த பாரை மீனின் நடுத்துண்டை எடுத்து, முள் நீக்கி, மகளின் தட்டில் வைத்தார்.

"மம், இனாஃப். என்னால ஏலாது," என்றாள் மகள்.

அன்ரிக்கு அது கேட்டதாகத் தெரியவில்லை. அடுத்த துண்டில் முள் எடுக்கத் தொடங்கியிருந்தார்.