லெச்சுமி அக்கா சொல்லிக்கொள்ளாமல் போன நாள்

மலேசியாவில், எங்கள் கிள்ளான் நகர வரிசை வீடுகளில் வந்தவர்கள் கிளம்புவதற்கு அரை மணி நேரம் பிடிக்கும். கூடத்தில் ஒரு முறை "வரேன்" என்பார்கள், செருப்பு மாட்டும்போது ஒரு முறை, கேட்டைத் திறந்து வைத்துக்கொண்டு இன்னொரு முறை. கல்யாணமாகி வந்த புதிதில் எனக்கு இது வேடிக்கையாக இருந்தது. விருதுநகரில் நாங்கள் எழுந்தால் போய்விடுகிற ஆட்கள். இங்கே பக்கத்து வீட்டு லெச்சுமி அக்கா முக்கியமான செய்தியையே கேட்டுக்கு வெளியே நின்றுதான் ஆரம்பிப்பார். ஓய்வுபெற்ற நர்ஸ், மூன்று தலைமுறையாக இந்த நாட்டுக்காரர். அப்படிப்பட்டவர் போன வருஷம் ஆவணியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை வந்து, என் பக்கத்தில் உட்கார்ந்திருந்துவிட்டு, ஒரு வார்த்தை சொல்லாமல் எழுந்து போனார். துக்க வீட்டிலிருந்துதான் அப்படிப் போவார்கள். அங்கே "வரேன்" என்று சொல்லக்கூடாது. கடல் தாண்டி வந்த பிறகும் இந்த வழக்கம் மட்டும் மாறவில்லை.

என் வீட்டில் யாரும் சாகவில்லை. நான் எழுதிய கதையில்தான் ஒருவர் செத்திருந்தார்.

கோலாலம்பூரில், பிரிக்பீல்ட்ஸில் ஒரு பல் மருத்துவரிடம் வேலை பார்க்கிறேன். கொமுட்டர் ரயிலில் போகவர இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆகும். அந்த நேரத்தில் கைப்பேசியில் எழுதுவதுதான் என் இலக்கியம். ஞாயிறு பத்திரிகையில் வந்தவை பெரும்பாலும் அப்பாவைப் பற்றிய கட்டுரைகள். அப்பா பஸ் கண்டக்டர். வீட்டில் எங்களைச் சாப்பிடக் கூப்பிடும்போதுகூட, "எடம் இருக்கு, உள்ள வா, உள்ள வா" என்பார். வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகும் விசிலைச் சட்டைப் பையை விட்டு எடுக்கவில்லை. அதையெல்லாம் எழுதினேன், அக்கா ஒன்று விடாமல் படித்தார். அப்பாவுக்கு ஞாபகம் போக ஆரம்பித்ததை மட்டும் நான் எழுதவில்லை. தம்பி முருகன் போனை அவர் காதில் வைப்பான்.

"யாரும்மா பேசுறது? எங்க போகணும்?"

"நான்தாம்ப்பா, மலேசியாவிலேருந்து."

"மலேசியாவா? அங்க நம்ம பஸ் போகாதேம்மா." கொஞ்சம் யோசித்துவிட்டுச் சொல்வார்: "என் மக அங்கதான் இருக்கா. பாத்தீங்கன்னா ஒரு போன் பண்ணச் சொல்லுங்க."

சொல்கிறேன் என்று போனை வைப்பேன். மூன்று வருஷம் இப்படியே போனது. உயிரோடு இருக்கிறவருக்காக அழுவதற்கு எந்த வீட்டிலும் வழக்கம் கிடையாது. அதனால் கதை எழுதினேன். கொமுட்டரில் போய்க்கொண்டிருக்கும் ஒருத்திக்கு அப்பா இறந்த செய்தி வருகிறது. அவள் ஊர் போய்ச் சேர்வதற்குள் எல்லாம் முடிந்துவிடுகிறது. தம்பி மட்டும் அப்பாவின் சட்டைப் பையில் விசிலை வைத்து அனுப்பியிருக்கிறான். கட்டுரைகள் வந்த அதே பக்கத்தில் அதையும் போட்டார்கள். முருகனுக்கும் படம் எடுத்து அனுப்பினேன். மேலே சிறுகதை என்று பொடி எழுத்தில் இருந்ததை அக்கா பார்க்கவில்லை.

"எனக்கு ஒரு வார்த்தை சொல்லக்கூடாதாமா? பேப்பர்ல பார்த்துத்தான் நான் தெரிஞ்சிக்கணுமா?" என்று கேட்டு என்னைக் கட்டிக்கொண்டார். கதைதான் அக்கா என்று சொல்ல வாயைத் திறந்தேன். அழுகைதான் வந்தது. அப்படி அழுதது எனக்கே ஆச்சரியம். அவர் முதுகைத் தடவத் தடவ, மூன்று வருஷத்து அழுகை முழுவதையும் அவர் தோளில் இறக்கினேன். அவர் போன பிறகு என் கணவர், "இப்பவே போய்ச் சொல்லிடு" என்றார். நாளைக்கு என்றேன். எத்தனையோ நாளை போய்விட்டது.

அந்தத் தீபாவளிக்கு அக்கா இரண்டு டின் முறுக்கு கொண்டுவந்தார். துக்கம் நடந்த வீட்டில் அந்த வருஷம் பலகாரம் சுடமாட்டார்கள், விளக்கு போடமாட்டார்கள், அக்கம்பக்கம்தான் கொடுக்கும். வரிசை முழுக்க விளக்குகள் மினுங்க, எங்கள் வாசல் மட்டும் இருட்டாகக் கிடந்தது. அதே சாயங்காலம் விருதுநகரில் அப்பா புதுச்சட்டை போட்டு மத்தாப்பு பிடித்திருக்கும் படத்தை முருகன் அனுப்பியிருந்தான். அக்கா கொடுத்த முறுக்கை ஒரு கடி கடித்தேன். மிச்சத்தை டின்னிலேயே போட்டு மூடினேன்.

இந்த வருஷம் ஆவணியில் அப்பா நிஜமாகவே போய்விட்டார். அக்காவிடம், "அப்பாவுக்கு வருஷத் திதி, ஊருக்குப் போறேன்" என்றேன். பொய் எவ்வளவு சுலபமாகப் பொருந்திவிட்டது பாருங்கள். "எங்க வீட்டுக்காகவும் ஒரு சூடம் காட்டுமா" என்று அனுப்பி வைத்தார். கதையில் வந்தவளைப் போல நான் தாமதிக்கவில்லை. முகத்தைப் பார்க்கக் கிடைத்தது. தூக்குவதற்கு முன் முருகன் அப்பாவின் சட்டைப் பையில் விசிலை வைத்தான்.

"நீ எழுதியிருந்தியேக்கா" என்றான்.

அவ்வளவுதான், என் கண்ணில் ஒரு சொட்டுகூட வரவில்லை. நான் கற்பனை செய்து அழுது தீர்த்த இடத்தில் அப்பா நிஜமாகப் படுத்திருந்தார். அத்தைகள் என்னைக் கல்நெஞ்சுக்காரி என்று நினைத்திருப்பார்கள். தப்பில்லை.

திரும்பி வந்த என்னிடம் யாரும் துக்கம் கேட்கவில்லை. கேட்டு முடித்து ஒரு வருஷம் ஆகிவிட்டதே. தீபாவளிக்கு இரண்டு நாள் முன்பு அக்கா ஏணியோடு வந்தார். "வருஷம் முடிஞ்சிருச்சுல்ல, இன்னும் என்ன இருட்டு? லைட்டு போடு லா. அப்பா சந்தோஷப்படுவாரு" என்று சொல்லி, தானே சரவிளக்கைக் கட்டிவிட்டுப் போனார். கேட்டில் நின்று மூன்று முறை "வரேன்" என்றார். நான் முறுக்கு பிழிந்து வரிசை முழுக்கக் கொடுத்தேன். எங்கள் வாசல் பச்சையும் சிவப்புமாக மின்னியபோது முருகன் போன் செய்தான். "இங்க இந்த வருஷம் ஒண்ணும் இல்லக்கா. லைட்டக்கூடப் போடல. அங்க?" என்றான். "இங்கயும் அப்படித்தான்" என்றேன்.

என் அப்பா ஒருவர்தான். கிள்ளானில் போன வருஷம் இறந்தார், விருதுநகரில் இந்த வருஷம். எந்த ஊரிலும் அவருக்காக நான் ஒழுங்காகத் துக்கம் காக்கவில்லை.

தீபாவளிக்கு மறுநாள் ரயிலில் இதை எழுதுகிறேன். இது கதை இல்லை, அதைப் பெரிய எழுத்தில் போடுங்கள் என்று பத்திரிகைக்குச் சொல்லப்போகிறேன். ஞாயிற்றுக்கிழமை காலையில் அக்கா படிப்பார். கோபத்தில் என் வீட்டுப் பக்கமே திரும்பாமல் இருக்கலாம், அதற்கு அவருக்கு உரிமை இருக்கிறது. ஒருவேளை வந்தால், என்னை நன்றாகத் திட்டட்டும். திட்டி முடித்துவிட்டு என் பக்கத்தில் கொஞ்ச நேரம் உட்காரட்டும். பிறகு எழுந்து, ஒரு வார்த்தை சொல்லாமல் கேட்டைத் தாண்டிப் போகட்டும்.