மல்லாங்கிணற்று வீட்டு வாசல் நிலை

என் தாத்தா தம் கடைசிக் கோடையில் உறக்கத்தை இழந்தார். உடம்பில் நோவொன்றும் இல்லை. அருப்புக்கோட்டையிலும் அதைச் சுற்றிய ஊர்களிலும் தாம் செய்து நிறுத்திய வாசல் நிலைகளை ஒவ்வொன்றாக நினைவில் எடுத்துப் பார்த்தபடி படுத்திருப்பார். பரளச்சி வீடுகளைக் கடந்து, திருச்சுழிச் சாலை வீடுகளைக் கடந்து, மல்லாங்கிணற்றில் ஒரு வீட்டை எட்டியதும் எழுந்து உட்கார்ந்துவிடுவார். உண்ணும்போதும் அப்படித்தான். சோற்றைப் பிசைந்த கை தட்டிலேயே நின்றுவிடும்.

தச்சுத் தொழிலில் ஒரு விதி உண்டு. மரம் மண்ணில் எவ்வாறு நின்றதோ அவ்வாறே வாசலிலும் நிற்க வேண்டும். வேர்ப்பக்கம் கீழே, கிளைப்பக்கம் மேலே. மாற்றி நிறுத்தினால் அந்த வீட்டுக்கு ஆகாது. அறுத்து இழைத்தபின் எது அடி, எது நுனி என்பது எளிதில் புலப்படாது. ஆகவே தாத்தா, அறுப்பதற்கு முன்பே அடிப்பக்கத்தில் உளியால் இரண்டு வெட்டுகள் போட்டுவிடுவார். வேலை முடித்து விடைபெறும்போது குனிந்து அவற்றை விரலால் ஒருமுறை தொட்டுப் பார்ப்பார். தொட்ட நினைவு எல்லா வீடுகளுக்கும் இருந்தது. மல்லாங்கிணற்று வீட்டுக்கு மட்டும் இல்லை.

காரணமும் அவருக்கு நினைவிருந்தது. நிலையைப் பூட்டுமுன்பே அந்த வீட்டுப் பெண்கள் ஆர்வ மிகுதியில் இரண்டு கால்களிலும் மஞ்சளை அப்பிவிட்டார்கள். வெட்டுகள் மறைந்துபோயின. பூசிய மஞ்சளைத் துடைக்கலாகாது என்று ஒரு மூதாட்டி தடுத்துவிட்டாள். நல்ல நேரம் கழிய இன்னும் சற்றே இருந்தது. தாத்தா மனக்கணிப்பில் பூட்டி நிறுத்திவிட்டு வந்தார்.

முப்பதாண்டுகளுக்கு மேலாக எங்கோ கிடந்த அந்த ஐயம், வேறு வேலையற்ற முதுமையில் அவரைப் பிடித்துக்கொண்டது.

“ஒருக்க என்னைய அங்க கூட்டிட்டுப் போ தாயி,” என்றார் என்னிடம். “குறி எங்க இருக்குன்னு பாக்காம எனக்குக் கட்டை வேகாது.”

மறுநாள் காலையில் அவரை என் வண்டியின் பின்னால் அமர்த்திச் சென்றேன். வழிநெடுக என் தோளை அவர் பற்றியிருந்த பிடி, மேடு பள்ளங்களுக்கு அஞ்சிய பிடி அன்று.

ஐம்பது வயது மதிக்கத்தக்க ஒரு பெண் கதவைத் திறந்தார். வீடு கட்டிய மறுவருடம் மருமகளாக அங்கு வந்தவர். வந்த காரியத்தைச் சொன்னேன். “நெலை செஞ்ச ஆசாரியா? அவுக இன்னும் இருக்காகளா?” என்று தாத்தாவை வைத்துக்கொண்டே என்னிடம் கேட்டார்.

“இருக்கேன்த்தா, இன்னுங் கொஞ்ச நாளைக்கு,” என்றார் தாத்தா.

வாசற்படியில் அமர்ந்து இரு கால்களின் அடியையும் தடவினார். ஒன்றும் தட்டுப்படவில்லை. பல முறை அடித்த வண்ணப்பூச்சில் அடைந்திருக்கும் என்று தமக்கே சொல்லிக்கொண்டு, மறுபடி தடவினார். பிறகு என்னை முக்காலியில் ஏறி மேலே பார்க்கச் சொன்னார். உச்சியிலிருந்து நான்கு விரற்கடை கீழே, பூச்சுக்கு அடியில், இரண்டு வெட்டுகள் என் விரலில் இடறின. மற்றக் காலிலும் அதே உயரத்தில் இரண்டு.

முக்காலியின்மேல் நின்ற அந்தச் சில நொடிகளுக்கு நான் இன்னும் போய்ப் போய் வருகிறேன். கீழேயிருந்து அவர் மரத்தைப் பார்க்கவில்லை. என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“மேல இருக்கு தாத்தா,” என்றேன்.

அவர் அந்தப் பெண்ணிடம் யாவற்றையும் சொன்னார். மஞ்சளின்மேல் பழி போடவில்லை. பொறுத்துக்கொள்ள வேண்டும் என்று கைகூப்பினார். அந்தப் பெண் பதறிப்போய், இதே வாசல் வழியாகத்தான் ஒரு மகனைப் பெற்று எடுத்துவந்ததாகவும், தோண்டிய கிணற்றில் தண்ணீர் வற்றியதே இல்லை என்றும் சொல்லி, மோர் கொண்டுவந்து கொடுத்தார். “விடுங்கய்யா, நாங்க என்ன தலைகீழாவா நடக்கோம்?” என்று சிரித்தார்.

அன்று பிற்பகல் படுத்த தாத்தா விளக்கு வைக்கும் நேரம்வரை அசையாமல் உறங்கினார். மூச்சு வருகிறதா என்று இருமுறை போய்ப் பார்த்தேன். அடுத்த மூன்று வாரங்களும் அப்படியே உறங்கி, அவ்வாறே ஒரு விடியலில் போய்ச் சேர்ந்தார்.

அவர் காரியம் முடிந்த சில நாட்களில் அந்தப் பெண் கைபேசியில் அழைத்தார். கிணற்று மோட்டார் எரிந்துவிட்டதாம். நிலையைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. எனினும் மோட்டார் எரிந்ததை என்னிடம் ஏன் சொல்ல வேண்டும்? அடுத்த மாதம் மகனுக்குப் பேசிமுடித்த சம்பந்தம் முறிந்தது, அதையும் சொன்னார். பிறகு கறவை மாடு செத்தது. அந்த மூன்றாம் முறை, மாட்டைப் பற்றிச் சொல்லிவிட்டு, “ஒங்க தாத்தா சொல்லாமயே போயிருக்கலாம்ல?” என்றார். குரலில் சினம் இல்லை.

தாத்தாவுக்கு உறக்கம் வரவில்லை என்றேன்.

“இப்ப நானுல்ல தூங்கல,” என்றார்.

தச்சர்கள் இருவரிடம் கேட்டேன். ஒருவர் பூசணிக்காய் உடைத்தால் போதும் என்றார். மற்றவர், நன்றாக இருக்கும் வீட்டில் இதையெல்லாம் எதற்குக் கிளறினீர்கள் என்று கடிந்துகொண்டார். பூசணிக்காய் உடைத்தும் பார்த்தார்கள். அழைப்புகள் நிற்கவில்லை.

சென்ற தையில் அவர்கள் நிலையைப் பெயர்த்துவிட்டு இரும்பு நிலை வைத்தார்கள். “இரும்புக்கு வேரு ஏது, கெளை ஏது?” என்று அவரே அழைத்துச் சொன்னார். முக்காலி நாளுக்குப் பின் அவர் சிரித்து அன்றுதான் கேட்டேன். பழைய மரத்தை எரிக்கவும் மனமில்லை, வைத்துக்கொள்ளவும் அச்சம், எடுத்துப்போகிறாயா என்றார். பெயர்த்த ஆள், வேப்பமரத்தில் ஒரு புழுத்துளைகூட இல்லை என்று வியந்துகொண்டே அதை வண்டியில் ஏற்றினான்.

கால்கள் இரண்டும் இப்போது எங்கள் கொல்லைச் சுவரில் சாய்ந்து நிற்கின்றன. வெட்டுகள் கீழே வரும்படி இறக்கிவைத்த அன்றே நிறுத்திவிட்டேன். அவற்றை என்ன செய்யப்போகிறாய் என்று வீட்டில் கேட்கிறார்கள். தெரியவில்லை என்கிறேன். மல்லாங்கிணற்றிலிருந்து அழைப்பு நின்று பல மாதங்கள் ஆகின்றன. ஆனாலும் கைபேசி ஒலிக்கும்போதெல்லாம் எழுந்து நின்ற பிறகே, யார் என்று பார்க்கிறேன்.