அணைக்கரையில் சூடான ஜெட் போட்

தை மாதம் இரண்டாவது வாரம், சம்பா அறுவடை தொடங்கியிருந்த நேரத்தில், பாபநாசத்துக்குப் பக்கத்துக் கிராமம் ஒன்றுக்குப் போய் வந்தேன். கோயில் பார்க்க அல்ல. ஓர் எஞ்சின் ஏன் சூடாகிறது என்று பார்க்க. பயணக் கட்டுரைக்கு இப்படி ஒரு காரணம் எழுதுவேன் என்று நானே நினைத்ததில்லை.

ராஜேந்திரன் என்னோடு பாலிடெக்னிக்கில் படித்தவன். சிங்கப்பூரில் கப்பல் பட்டறையில் பதினாறு வருடம் வேலை பார்த்துவிட்டுப் போன ஆடியில் ஊர் திரும்பினான். கொள்ளிடத்தில் படகுச் சவாரி விடவேண்டும் என்பது அவன் ஆசை. கோவாவில் ஆறு வருடம் சுற்றுலாப் படகுகளைப் பழுது பார்த்தவன் நான். ஐந்து பேர் உட்காரும் பழைய ஜெட் போட் ஒன்றை அங்கிருந்து அவனுக்கு வாங்கிக் கொடுத்ததும் நான்தான். ஆகவே இந்த வம்பில் எனக்கும் பங்குண்டு.

ஜெட் போட்டுக்கு வெளியே சுற்றும் விசிறி கிடையாது. அடியில் கம்பி ஜாலி போட்ட ஒரு வாய் இருக்கும். அதன் வழியாக ஆற்றுத் தண்ணீரை உறிஞ்சி, பின்பக்கம் பீய்ச்சி அடித்து ஓடும். எஞ்சினைக் குளிர வைப்பதும் அந்தத் தண்ணீர்தான். ராஜேந்திரன் இரண்டு முறை ஓட்டிப் பார்த்திருக்கிறான். இரண்டு முறையும் பத்து நிமிடத்தில் எஞ்சின் சூடாகி அபாய மணி அடித்துவிட்டது.

"நீ வந்து பாருடா. மூணாவது தடவையும் ஓடலன்னா வித்துட்டு சிங்கப்பூருக்கே போயிடறேன். வெள்ளிக்கிழமைக்குள்ள அங்க வேலைக்கு அனுப்புற ஏஜெண்டுக்குப் பதில் சொல்லணும்" என்றான் போனில்.

வியாழக்கிழமை மதியம் 2.15க்குத் தஞ்சாவூரில் பஸ் ஏறினேன். பாபநாசம் இருபத்தைந்து கிலோமீட்டர், ஒரு மணி நேரம். சாலையின் இருபுறமும் அறுவடை இயந்திரங்கள் ஓடிக்கொண்டிருந்தன. ராஜேந்திரன் வீட்டு வாசலில் டிரெய்லரில் போட் நின்றது. அதன் அடியில் படுத்து ஜாலியைக் கழற்றினேன். உள்ளே வெங்காயத்தாமரை வேர் கைப்பிடி அளவு அடைத்திருந்தது. எல்லாவற்றையும் எடுத்து, குழாய்களைக் கழுவி மாட்டி முடிக்க ஆறு மணி ஆயிற்று.

ராஜேந்திரனின் மனைவி கலைச்செல்வி காப்பி கொண்டுவந்தார். அவன் ஊரில் இல்லாத வருடங்களில் நான்கு ஏக்கரையும் தனியாகப் பார்த்தவர். "சரியாயிடுமாண்ணே?" என்று கேட்டார். செத்தை அடைத்திருந்தது, எடுத்துவிட்டேன் என்றேன். "மறுபடி அடைக்காதுல்ல?" என்றார். ஆற்றில் செத்தை இருந்தால் அடைக்கத்தான் செய்யும் என்று வாத்தியார் மாதிரி பதில் சொன்னேன். அவர் எதைக் கேட்கிறார் என்று அப்போது எனக்கு உறைக்கவில்லை.

மறுநாள் காலை 5.40க்கு டிரெய்லரை மினி லாரியில் மாட்டிக் கிளம்பினோம். கலைச்செல்வியும் சாப்பாட்டுக் கூடையோடு ஏறிக்கொண்டார். கும்பகோணம் வழியாக அணைக்கரைக்கு ஏறக்குறைய ஐம்பது கிலோமீட்டர். திருப்பனந்தாளில் ஒரு டீ. 7.30க்குக் கொள்ளிடக் கரையில் இருந்தோம். ஆற்றில் முதலை உண்டு, இறங்காதீர்கள் என்று பலகை வைத்திருக்கிறார்கள்.

"அது ஒன்னும் பண்ணாதுங்க. நாம இறங்கினாத்தான் பண்ணும்" என்று தைரியம் சொன்னார் லாரி ஓட்டுநர்.

7.50க்கு நானும் ராஜேந்திரனும் கிளம்பினோம். எட்டாவது நிமிடம் எஞ்சின் சத்தம் ஏறியது, வேகம் மட்டும் ஏறவில்லை. பக்கவாட்டில் கம்பி போல விழுந்துகொண்டிருந்த குளிர்ச்சித் தண்ணீர் மெலிந்து நூலாகி நின்றது. உடனே மணி அடித்தது. எஞ்சினை நிறுத்தினேன். டிராக்டருக்கு ஊற்றுகிற மாதிரி மேலே தண்ணீர் ஊற்றப் போன ராஜேந்திரனின் கையைப் பிடித்துக்கொண்டேன். கொதிக்கும் எஞ்சினில் பச்சைத்தண்ணீர் பட்டால் விரிசல் விடும். முதலைக்குப் பயந்து இறங்கவும் முடியாது. மூங்கில் கழியை ஊன்றி ஊன்றி இருநூறு மீட்டர் கரை சேர இருபத்தைந்து நிமிடம் பிடித்தது.

டிரெய்லரில் ஏற்றி அடியில் பார்த்தேன். ஜாலியின் மேல் பச்சை நைலான் வலை ஒன்று, இரண்டாக மடித்து, கட்டுக்கம்பியால் இறுக்கிக் கட்டியிருந்தது. அதன் மேல் செத்தை அடை போல அப்பியிருந்தது. முந்தின நாள் மாலை அங்கே வலை இல்லை.

"யாரு இதைக் கட்டினது?" என்று ராஜேந்திரன் கத்தினான்.

"நான்தான்" என்றார் கலைச்செல்வி. "வாய்க்கால்ல பம்புசெட் தண்ணி இழுக்கிற ஃபுட்வால்வுக்குக் கட்டுவோம்ல, அது மாதிரி. செத்தை ஏறாம இருக்கும்னு காலையில நாலரைக்குக் கட்டினேன்."

"உன்னை யாரு கட்டச் சொன்னா?"

"ஓடலன்னா போயிடுவேன்னு நீங்கதானங்க சொன்னீங்க."

எனக்கு வெட்கமாக இருந்தது. முந்தின நாள் அவர் கேட்டது எஞ்சினைப் பற்றியே அல்ல.

பம்புசெட் நிதானமாக உறிஞ்சும், அதற்கு வலை தாங்கும். ஜெட் போட் இழுக்கிற இழுப்பில் வலை வாயையே மூடிவிடும். எஞ்சின் ஆறியதும் வலையை அறுத்துவிட்டு மறுபடி இறக்கினோம். இந்த முறை போட் சீறிக்கொண்டு போனது. பதினெட்டாவது நிமிடம், கரைக்கு அருகில் வரும்போது, மீண்டும் மணி.

நீங்களும் போவதாக இருந்தால் சில விஷயங்கள். படகு இறக்க முன்கூட்டியே அனுமதி வாங்குங்கள். மினி லாரிக்குப் போக வர 3,500 ரூபாய் கொடுத்தோம். நீண்ட மூங்கில் கழி இல்லாமல் ஆற்றில் இறங்காதீர்கள். வீட்டில் எவ்வளவு பார்த்திருந்தாலும் கரையில் ஒருமுறை குனிந்து அடியைப் பாருங்கள், நான் பார்க்கவில்லை. பக்கவாட்டுத் தண்ணீர் மெலிந்தால் மணி அடிக்கும்வரை காத்திருக்க வேண்டாம். வாயில் கட்டிய வலை கிழிந்திருந்தால் அதன் இழை குளிர்ச்சிக் குழாய்க்குள் போயிருக்கும். எங்களுக்கு இரண்டாவது முறை நடந்தது அதுதான். மதியம் குழாயைப் பிரித்து விரல் நீள இழை ஒன்றை எடுத்தோம், அதன் பிறகு நாற்பது நிமிடம் சூடாகாமல் ஓடியது.

ஆனால் அது மதியம். காலை பதினொரு மணிக்கு, எஞ்சின் ஆறட்டும் என்று மூவரும் கரையில் நின்றிருந்தபோது ஏஜெண்ட் கூப்பிட்டார். ராஜேந்திரனின் கையெல்லாம் கிரீஸ். போனை ஸ்பீக்கரில் போட்டான்.

"என்ன ராஜேந்திரன், போட் ஓடிச்சா?"

"ஓடல சார்."

"அப்ப பாஸ்போர்ட்டை அனுப்புங்க."

"இல்ல சார். ஓடினாலும் ஓடலன்னாலும் நான் வரல."

கலைச்செல்வி முந்தானையால் முகத்தை அழுத்தித் துடைத்துக்கொண்டார். பிறகு கூடையைத் திறந்து, "வாங்க, மொதல்ல சாப்பிடுங்க. எஞ்சினை அப்புறம் பிரிக்கலாம்" என்றார்.