விஷயம் முதலில், ஸ்தோத்திரம் கடைசியில்

நினைவு மலர் என்றால் முதலில் வேத வசனம், பிறகு பிறப்பு, வளர்ப்பு என்று எழுதுவதுதான் முறை. ஆனால் யாராவது சுற்றி வளைத்துப் பேச ஆரம்பித்தால் எங்கள் அக்கா அவர்கள், "விஷயத்தைச் சொல்லு கண்ணு" என்பார்கள். அவர்கள் நினைவாக அச்சாகும் புத்தகத்தில் அவர்கள் சொல்லை நான் மீறப் போவதில்லை. விஷயம் இதுதான். ஆறு வருஷமாக எங்கே இருக்கிறான் என்றே தெரியாமல் இருந்த எங்கள் சின்னத் தம்பி வீடு வந்து சேர்ந்தான். அக்கா அவனைக் கண்ணாரப் பார்த்தார்கள். இருபத்து மூன்று நாள் அவனோடு ஒரே வீட்டில் இருந்துவிட்டு, அதன் பிறகே கர்த்தருக்குள் நித்திரையடைந்தார்கள். அவனைக் கொண்டுவந்து சேர்த்தது எங்கள் சபையின் இன்டர்நெட் பலகை. மற்றதை நிதானமாகச் சொல்கிறேன்.

அக்கா பிறந்தது வால்பாறைக்கு மேலே ஒரு தேயிலை எஸ்டேட்டின் தொழிலாளர் லைன் வீட்டில். அம்மா கொழுந்து பறித்தார்கள். அப்பா மருந்தடித்தார்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் தகரக் கொட்டகையில் கூடும் சின்ன ஜெபக் கூட்டத்துக்கு வேதம் வாசித்ததும் அப்பாதான். நான் அக்காவுக்கு ஆறு வயது இளையவன். சின்னத் தம்பி எனக்கு எட்டு வயது இளையவன். அவனுக்கு மூன்று வயதாகும்போது அம்மா போய்விட்டார்கள். அதற்குப் பிறகு அவனுக்கு அம்மா என்றால் அக்காதான்.

நான் பொள்ளாச்சியில் ஹாஸ்டலில் படித்தபோது அப்பா போடும் கார்டுகள் எல்லாம் ஒரே மாதிரிதான் தொடங்கும். "ஸ்தோத்திரம். இங்கே மழை. அட்டை உண்டு. உப்பும் உண்டு. எல்லாரும் சுகம்." மழைக் காலத்தில் எஸ்டேட்டில் கால் வைத்தால் அட்டை ஏறிக்கொள்ளும், உப்பைத் தடவினால் விழுந்துவிடும். தொந்தரவு இருக்கிறது, அதற்கு வழியும் இருக்கிறது, நீ கவலைப்படாமல் படி என்று அப்பா சொல்லும் விதம் அது. அப்பா போன பிறகும் எங்கள் மூன்று பேரின் கடிதமும் அந்த வரியில்தான் தொடங்கும். எங்களைத் தவிர வேறு யாருக்கும் அது தெரியாது.

அப்பாவை அடக்கம் செய்துவிட்டு அக்கா எங்கள் இருவரையும் கூட்டிக்கொண்டு மலை இறங்கிச் சிங்காநல்லூர் வந்தார்கள். ஒரு மில்லில் நூல் சுற்றும் வேலை. வேலை முடிந்ததும் டைப்ரைட்டிங் வகுப்பு. கொஞ்ச வருஷத்தில் அதே மில்லின் ஆபீசில் டைப்பிஸ்ட் ஆனார்கள். எதிரில் நிற்பவரோடு பேசிக்கொண்டே தப்பில்லாமல் அடிப்பார்கள். கல்யாணப் பேச்சு எடுத்தவர்களுக்கு ஒரே பதில்தான்: "ரெண்டு பேருக்குத் துணி தொவைக்கறதே போதுமுங்க. மூணாவதா ஒரு ஆள் வேண்டாமுங்க."

நான் பத்தாவதோடு நின்று, மோட்டார் காயில் கட்டும் தொழில் பழகி, சொந்தமாக ஒரு ஒர்க்‌ஷாப் போட்டேன். தம்பி என்னோடு வேலை செய்தான். நாள் முழுக்கக் கம்பி சுற்றுவதால் எனக்கு வலது மணிக்கட்டில் நரம்பு இழுத்துக்கொள்ளும். சாயங்காலம் தைலம் போட்டு நீவிவிடுவது தம்பிதான்.

இப்போது சொல்லப்போவதை எழுத எனக்குக் கூச்சமாகத்தான் இருக்கிறது. தம்பி எனக்குத் தெரியாமல் வெளிநாட்டு வேலைக்குப் பாஸ்போர்ட் எடுத்துவிட்டான். அது தெரிந்த அன்று ஒர்க்‌ஷாப்பில் வேலையாட்கள், வாடிக்கையாளர்கள் எல்லாரும் பார்க்க நான் அந்த வலது கையால் அவனைக் கன்னத்தில் அறைந்தேன். "இனி இந்த ஊட்டுப் படி ஏறாதே" என்றும் சொல்லிவிட்டேன். அவன் ஒரு பையோடு போனான். அக்கா மில்லிலிருந்து வந்து பார்க்கும்போது அவன் துணி மாட்டும் ஆணி காலியாக இருந்தது. நான் அப்போதே சபையில் செயலாளர். கேட்டவர்களுக்கெல்லாம், வடக்கே வேலைக்குப் போயிருக்கிறான் என்று சொன்னேன். ஆறு வருஷம் அதையே சொன்னேன். அக்கா என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. வாராவாரம் ஜெபச் சீட்டில், "ஒரு சகோதரன் வீடு திரும்ப" என்று பேர் இல்லாமல் எழுதிப் போடுவார்கள். அந்தச் சீட்டைக் கூட்டத்தில் வாசிப்பது நான்தான்.

தொண்ணூற்று எட்டில் மில்லை மூடிவிட்டார்கள். அக்கா வீட்டில் சும்மா இருக்க முடியாமல் பாத்திரங்களையே மறுபடி மறுபடி தேய்த்துக்கொண்டிருந்த நேரத்தில், சிங்காநல்லூர் பஸ் ஸ்டாண்டு பக்கம் கம்ப்யூட்டர் சென்டர் நடத்தும் எங்கள் சபை அன்பர் டேவிட் அவர்கள் ஆராதனை முடிந்ததும் எழுந்து, சபைக்கு ஒரு வெப்சைட் போட்டிருப்பதாக அறிவித்தார். எங்கள் பிள்ளைகள் ரியாத், மஸ்கட், மலேசியா என்று சிதறியிருந்தார்கள். அங்கே இருப்பவர்களும் இங்கே இருப்பவர்களும் ஒரே பலகையில் எழுதிக்கொள்ளலாம் என்றார்.

மூப்பர் சாலமோன் ஐயா, "ஏனுங்க டேவிட்டு, அந்தப் பலகையை எந்தச் செவுத்துலீங்க மாட்டியிருக்குது?" என்று கேட்டார். டேவிட் பதில் சொல்வதற்குள் அக்கா எழுந்துவிட்டார்கள். "எல்லாத்துக்கும் நான் அடிச்சுத் தாரேனுங்க" என்றார்கள்.

புதன், சனி மாலை நான்கு மணிக்கு டேவிட் ஒரு கம்ப்யூட்டரைச் சபைக்கென்று ஒதுக்கினார். இன்டர்நெட்டைப் பிடிக்கப் போன் லைன் கூவி, இரைந்து, உறுமி, கடைசியில் அடங்கும்போது அக்கா நாற்காலியிலிருந்து எழுந்தே நிற்பார்கள். தமிழ் எழுத்து வெளிநாட்டுக் கம்ப்யூட்டரில் கட்டம் கட்டமாகத் தெரிந்ததால், தமிழையே இங்கிலீஷ் எழுத்தில் அடித்தார்கள். வந்த செய்திகளை நோட்டில் தமிழில் எழுதி, ஞாயிற்றுக்கிழமை ஆராதனைக்குப் பிறகு கோயில் முகப்பில் நின்று வாசிப்பார்கள். அதற்கு ஒரு நிபந்தனை போட்டார்கள். "வந்தது வந்தபடி ஒண்ணு விடாம வாசிப்பேனுங்க. ஆளைப் பாத்துச் சேக்கறது, விடறது எங்கிட்டக் கெடையாது." எல்லாரும் சரி என்றோம். நானும் சரி என்றேன்.

முதல் மாதம் நடந்த கூத்தை நினைத்தால் இப்போதும் சிரிப்பு வருகிறது. அந்தப் பலகை இனாமாகக் கிடைத்தது, யாரோ ஒரு அயல்நாட்டுக்காரர் செய்துவைத்தது. ஒரு ஆளுக்கு எட்டு வரிதான் கொள்ளும், மீதியைத் தானே வெட்டிவிடும். அதை டேவிட்டாலும் மாற்ற முடியவில்லை. எங்கள் சபையாருக்கோ ஸ்தோத்திரம் சொல்லவே எட்டு வரி வேண்டும். எஸ்தர் அம்மாவின் மகள் ரியாத்தில் நர்ஸ். எஸ்தர் அம்மா அக்காவிடம், "கர்த்தருடைய பரிசுத்த நாமத்தில் அன்பு மகளுக்கு அம்மா ஸ்தோத்திரம் சொல்லி எழுதிக்கொள்வது" என்று தொடங்கி மூச்சு விடாமல் சொல்ல, அக்காவும் அப்படியே அடித்தார்கள். மூன்று வாரம் கழித்து மகளிடமிருந்து வந்தது: "அம்மா, ஸ்தோத்திரம் மட்டும் மூன்று தடவை வந்துவிட்டது. அப்பாவுக்குக் கண் ஆபரேஷன் ஆச்சா இல்லையா?"

அன்றைக்கு முகப்பிலேயே அக்கா சட்டம் போட்டார்கள். "இனிமே விஷயம் மொதல்ல, ஸ்தோத்திரம் கடைசில."

மூப்பர் ஐயாவுக்குப் பொறுக்கவில்லை. "ஆண்டவரைக் கடைசில நிறுத்தறதுங்களா அம்மணி?"

"ஆண்டவருக்கு நாம அடிக்காததும் தெரியுமுங்க ஐயா. அந்தப் பொட்டிக்குத்தானுங்க ஒண்ணும் தெரியாது."

ஐயா ஒத்துக்கொள்ளவில்லை. தம் செய்திகளில் கடைசி வரை ஸ்தோத்திரத்தை முதலில்தான் வைப்பேன் என்றார். வைத்தார். வெட்டுப்பட்டார்.

இன்னொரு விஷயத்துக்கும் ஐயா சண்டை பிடித்தார். அக்கா ஒவ்வொரு வாரமும் ஜெப விண்ணப்பத்தில் "ஒரு சகோதரன் வீடு திரும்ப" என்று அடித்து, அதன் கீழே "இங்கே மழை. அட்டை உண்டு. உப்பும் உண்டு" என்று சேர்த்தார்கள். வாசிக்கும்போதும் விடாமல் வாசித்தார்கள். "சபைப் பலகைல அட்டை எதுக்குங்க? சிங்காநல்லூர்ல மழையே காணோமுங்களே" என்றார் ஐயா. அக்கா, "அது ஒரு பக்கமா இருக்கட்டுங்க" என்று நோட்டை மூடிவிட்டார்கள். எல்லாரும் சிரித்தார்கள். எனக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை. அக்கா இத்தனை பேருக்கும் ஓடி ஓடி அடித்துக் கொடுப்பது தம்பியைத் தேடுவதற்காகவும்தான் என்று அன்றைக்குத்தான் புரிந்தது.

அந்த ஆடி மாதத்தில் அக்காவுக்கு வயிற்றில் கட்டி என்று தெரிந்தது. டாக்டர் என்னைத் தனியே கூப்பிட்டு, மாதக் கணக்குத்தான் என்றார். வெளியே வந்தால் அக்கா, "என்ன சொன்னாரு? விஷயத்தைச் சொல்லு" என்றார்கள். சொன்னேன். "அப்ப புதன்கெழமை தவறவிடக் கூடாது" என்றார்கள்.

அதற்கு ஐந்தாவது வாரம், ஒரு சனிக்கிழமை. நான் துணைக்குப் போயிருந்தேன். போன் உறுமி அடங்கியதும் மேலே ஒரு புதுச் செய்தி. பேர் போடும் இடத்தில் "ஒரு சகோதரன்" என்று இருந்தது. அக்கா விரலை வைத்து மெதுவாக வாசித்தார்கள்.

"கர்த்தருக்குள் அன்பான எல்லாருக்கும் ஸ்தோத்திரம். இங்கே மழை இல்லை. அட்டை இல்லை. உப்பு உண்டு. நான் சுகம். அக்காவின் முழங்கால் எப்படி இருக்கிறது? அந்தப் பச்சை சைக்கிள் இன்னும் இருக்கிறதா? சபையில் எல்லாரும் சுகமா? அண்ணனுக்கு"

அங்கே வெட்டுப்பட்டுவிட்டது. ஊர் இல்லை, விலாசம் இல்லை. அக்கா அழவில்லை. நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்து நின்று கை தட்டினார்கள். பக்கத்துக் கம்ப்யூட்டரில் இருந்தவர்கள் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். "உசுரோட இருக்கறான். எட்டு வரில எல்லாத்தையும் கேட்டுப்போட்டான் பாரு" என்றார்கள். எனக்கோ அந்தக் கடைசி வார்த்தையைத் தாண்டி எதுவும் கண்ணில் படவில்லை. அண்ணனுக்கு என்ன எழுதியிருப்பான்? நான் செய்ததற்கு என்ன எழுதினாலும் தகும்.

அக்கா மறுபடி உட்கார்ந்தார்கள். "பதில் நீ சொல்லு. நான் அடிக்கறேன்."

நான், "கர்த்தருக்குள் அன்பான தம்பிக்கு" என்று தொடங்கினேன்.

"விஷயம், கண்ணு."

"அக்கா, இது பலகைங்க. ரியாத்துல இருந்து மலேசியா வரைக்கும் படிப்பாங்க. நாளைக்கு நீங்க கோயில்ல வாசிக்கோணும்."

"ஆமா. வாசிக்கோணும்."

டேவிட் எழுந்து வெளியே போய்விட்டார். பிறகு சொன்னேன். "நான் உன்னை அறைந்தது தப்பு. வடக்கே போயிருக்கிறான் என்று சபையில் சொன்னது பொய். வீட்டுக்கு வா. அண்ணன்." இரண்டு வரிகூட வரவில்லை. மீதி ஆறு வரியும் காலியாகவே போயிற்று. அதன் அடியில் அக்கா தமக்கு உடம்பு சரியில்லை என்று ஒரு சொல்கூடச் சேர்க்கவில்லை. "இதைக் கேட்டுத்தான் அவன் வரோணும். நோவுக்குப் பயந்து வரக் கூடாது" என்றார்கள்.

ஞாயிற்றுக்கிழமை அக்கா அதை மற்றவை போலவே, குரல் மாறாமல் வாசித்தார்கள். நான் செருப்புகளுக்குப் பக்கத்தில் தலை குனிந்து நின்றேன். அப்போது மூப்பர் ஐயா எழுந்தார்.

"வடக்க போயிருக்கான்னு இவரு சொன்னப்ப நானும் தலையாட்டிட்டேனுங்க. பொய்யினு எனக்கு அப்பவே தெரியும். கேக்காம உட்டது என் தப்பு. அதையும் பொட்டில போடுங்க அம்மணி." உட்காரப் போனவர் நின்று, "ஸ்தோத்திரத்தைக் கடைசிலயே போட்டுக்குங்க" என்றார்.

அந்த வாரம் பலகை நிரம்பி வழிந்தது. எஸ்தர் அம்மா, அவர்கள் மகள், மஸ்கட்டிலிருந்து நான்கு பேர், தம்பியைப் பார்த்தேயிராத மலேசியச் சகோதரர் ஒருவர், எல்லாரும் எழுதினார்கள். எல்லாச் செய்தியிலும் முதல் சொல் ஒன்றுதான்: வாங்க. புதன்கிழமை பதில் இல்லை. சனிக்கிழமையும் இல்லை. அடுத்த புதன்கிழமை அக்காவால் பஸ் ஏற முடியாமல் ஆட்டோவில் போனோம். இருந்தது.

"வாரேன். லீவு கிடைத்துவிட்டது. அடுத்த மாதம் முதல் வாரம். ஸ்தோத்திரம்."

"பாத்தயா, விஷயத்தை மொதல்ல போட்டுட்டான்" என்று அக்கா டேவிட்டிடம் பெருமையடித்துக்கொண்டார்கள்.

தம்பி இருந்தது ஷார்ஜாவில். அங்கே வெள்ளிக்கிழமை கூடும் தமிழ் ஜெபக் கூட்டத்தில் யாரோ எங்கள் பலகையைத் தாளில் அச்செடுத்துக் கொடுத்திருக்கிறார்கள். அதில் மழையையும் அட்டையையும் உப்பையும் பார்த்துவிட்டுத் தம்பி அன்றைக்குச் சாப்பிடவில்லையாம். அவன் வந்து இறங்கிய காலையில் எங்கள் சந்து கொள்ளாத கூட்டம். அக்கா கட்டிலில் எழுந்து உட்கார்ந்திருந்தார்கள். அவன் காலடியில் உட்கார்ந்ததும், "எட்டு வரிக்கு மேல போகாதுன்னு எழுதிப் போட்டிருந்துதே, படிக்கலையா?" என்றார்கள்.

"அழுதுட்டே அடிச்சனுங்கக்கா. எண்ணலீங்க."

அந்த இருபத்து மூன்று நாளும் எங்கள் வீடு கல்யாண வீடு போல் இருந்தது. கடைசி ஞாயிற்றுக்கிழமை அக்கா முகப்பில் நாற்காலி போட்டு உட்கார்ந்து வாசித்தார்கள், தம்பி நோட்டைப் பிடித்துக்கொண்டான். அந்த வியாழக்கிழமை காலை அவன் கொடுத்த கஞ்சியைக் குடித்து முடித்து, சாய்ந்து, அமைதியாகப் போனார்கள். நாங்கள் இருவரும் டேவிட்டின் சென்டருக்குப் போய் ஆளுக்கொரு சொல்லாகத் தேடித் தேடி அடித்தோம்: "அக்கா போய்விட்டார்கள். நாளை மூன்று மணிக்கு அடக்கம்."

தம்பி திரும்பிப் போகவில்லை. ஒர்க்‌ஷாப்பில் எனக்கு எதிர் மேஜையில் இருக்கிறான். இந்த மலருக்காக டேவிட் பலகை முழுவதையும் அச்செடுத்துத் தந்தார். அந்தத் தாளைப் பார்த்தபோதுதான், ஒரு வருஷமாகக் கேட்கப் பயந்திருந்ததைக் கேட்டேன். "அண்ணனுக்குன்னு ஆரம்பிச்சயே, அதுக்கப்புறம் என்ன எழுதியிருந்தே?"

அவன் காயிலிலிருந்து கண்ணை எடுக்காமலே சொன்னான். "அண்ணனுக்குக் கை வலி நின்னுச்சான்னு கேட்டிருந்தனுங்கண்ணா."

எந்தக் கை என்று நான் கேட்கவில்லை.

கம்ப்யூட்டரும் நேரமும் தந்த டேவிட் அவர்களுக்கும், அடக்கத்தன்று முதல் ஆளாய் வந்து நின்ற மூப்பர் சாலமோன் ஐயா அவர்களுக்கும், கடைசி நாட்களில் அக்காவைக் குளிப்பாட்டிய எஸ்தர் அம்மாவுக்கும், முகம் தெரியாமல் "வாங்க" என்று எழுதிய அத்தனை பேருக்கும், ஷார்ஜாவில் அந்தத் தாளைக் கைமாற்றிக் கொடுத்த பேர் தெரியாத அன்பருக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. புதன், சனி நான்கு மணிக்கு இப்போது தம்பி அடிக்கிறான், ஞாயிற்றுக்கிழமை நான் வாசிக்கிறேன். ஒன்றும் விடுவதில்லை.

இங்கே மழை. அட்டை உண்டு. உப்பும் உண்டு. எல்லாரும் சுகம்.

கர்த்தருக்கு ஸ்தோத்திரம்.

அக்காவின் பெரிய தம்பி