இடம் மாறும் பொத்தான்கள்

கழக்கூட்டத்துக் கடையில் ஒரு வீடியோ கேம் கன்ட்ரோலரின் பொத்தானை அழுத்தியதும் எழுந்த 'டிக்' ஓசை, என்னைத் தொண்ணூறுகளின் கிழக்கேகோட்டை வீட்டுக்கு இழுத்துப்போனது.

அக்காவுக்குப் பிறவியிலேயே வலது கை சூம்பியிருந்தது. வீடியோ கேம் ஆடும்போது கன்ட்ரோலரைத் தரையில் வைத்து, வலப்பக்கப் பொத்தான்களைக் கால்விரலால் அழுத்துவாள்.

"சிரமப்படாதேம்மா. தம்பி ஆடட்டும், நீ பார்த்துண்டிரு" என்பார் அப்பா.

"பார்த்துண்டிருக்க நான் எதுக்கு? ஆடித்தான் ஜெயிப்பேன், கேட்டோ."

ஒரு ஞாயிற்றுக்கிழமை என்னைத் தோற்கடித்தே விட்டாள். அப்பா எழுந்து நின்று கைதட்டினார்.

இப்போது கடையில் என் கையிலிருந்த கன்ட்ரோலரில் எல்லாப் பொத்தான்களையும் இடப்பக்கத்துக்கே மாற்றிக்கொள்ளலாம். ஆனால் கேம் பெட்டியைச் செய்தவர்களுடையதல்ல, வேறு கம்பெனித் தயாரிப்பு, எத்தனை நாள் உழைக்குமோ என்றார் கடைக்காரர். அக்காவுக்கு போன் செய்து விஷயத்தைச் சொன்னேன்.

"ஒத்தைக் கையாலே ஆடலாமோ?"

"ஆடலாம்."

"அப்போ வாங்கிண்டு வா. உன் பிள்ளையையும் கூட்டிண்டு வா, அவனையும் தோக்கடிக்கணும்."