சக்கரம் வைத்த வில்

வில் ரிப்பேர் பார்த்தவர்களுக்குத் தெரியும்: வில்லில் கோளாறு என்று யாரும் வருவதில்லை, காற்று சரியில்லை, வெயில் கண்ணில் அடிக்கிறது என்றுதான் வருவார்கள். எண்பதுகளின் தொடக்கத்தில் நான் ரேணிகுண்டாவில் ஒரு லேத் பட்டறையில் ஃபிட்டர். ரேடியோவோ தையல் மிஷினோ, பிறர் கெடுத்ததை வாங்கி வைத்துக்கொண்டு விழித்த அனுபவம் உங்களுக்கும் இருந்தால், என் பாடு புரியும்.

மச்சான் கொடுத்தது

பங்காருபாளையம் மாங்காய் மண்டிக்காரர் முனிரத்னம் ஒருநாள் பட்டறைக்கு ஒரு வில்லைத் தூக்கிக்கொண்டு வந்தார். மேல் முனையில் ஒரு சக்கரம், கீழ் முனையில் ஒரு சக்கரம், நடுவே கேபிள்கள். அமெரிக்காவிலிருந்து மச்சான் கொண்டுவந்து கொடுத்ததாம். திருப்பதியில் ஒரு வில்வித்தை கிளப்புக்கு அவர்தான் தலைவர். அம்பு நேராகப் போகாமல் மீன் மாதிரி வாலை ஆட்டிக்கொண்டு போகிறது என்றார். ஏன் என்னிடம் வந்தீர்கள் என்று கேட்டேன்.

"மொதல்ல சைக்கிள் கடைக்குத்தான் போனேன். பெடல் எங்கன்னு கேக்குறான்."

பேப்பரில் ஓட்டை

கூடவே வந்த இங்கிலீஷ் புத்தகத்தை எழுத்துக்கூட்டிப் படித்தேன். ஒரு சட்டத்தில் பேப்பரைக் கட்டி, ஆறடி தூரத்திலிருந்து அம்பு விடவேண்டும். ஓட்டை வட்டமாக விழுந்தால் அம்பு நேராகப் போகிறது. முனை போட்ட ஓட்டைக்கு மேலே வால் கிழித்திருந்தால், நாணில் அம்பைப் பொருத்தும் இடத்தை அரை நூல், அதாவது அங்குலத்தில் பதினாறில் ஒரு பங்கு, கீழே இறக்கவேண்டும்.

ஒரு வாரம் இறக்கி, ஏற்றி, மறுபடி இறக்கினேன். சாண் நீளக் கிழிசல் விரல் நீளமானது. ஒருநாள் கட்டிய செய்தித்தாள் பக்கத்தில் மந்திரி ஒருவர் படத்தில் சிரித்துக்கொண்டிருந்ததை நான் கவனிக்கவில்லை. டீ குடிக்க வந்த கான்ஸ்டபிள் கவனித்துவிட்டார். புத்தகத்தைக் காட்டி அரை மணி நேரம் விளக்கினேன். பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சொன்னார்:

"கிழிக்கிறதுன்னா ரெண்டு கட்சியையும் கிழிச்சுக்கினு இரு. அப்ப யாரும் கேக்கமாட்டாங்க."

நகப்பூச்சு

மீதிக் கிழிசல் எதற்கும் மசியவில்லை. கிளப்பில் ஸ்டெல்லா என்று ஒரு நர்ஸ். சித்தூரில் தற்காலிக வேலை. மாவட்டப் போட்டியில் ஒரு சர்டிபிகேட் வாங்கினால் விளையாட்டு ஒதுக்கீட்டில் சர்க்கார் ஆஸ்பத்திரியில் நிரந்தரமாகும் என்று காத்திருந்தவள். பட்டறைக்கு வந்து தன் நகப்பூச்சைக் கொடுத்து, "ரெண்டு சக்கரத்துலயும் ஒரே எடத்துல பொட்டு வைங்கண்ணா" என்றாள். அவள் மெதுவாக நாணை இழுக்க, நான் பொட்டைப் பார்த்தேன். மேல் சக்கரம் பின்தங்கிச் சுற்றியது. கேபிளைச் சரிக்கட்டினேன்.

அவள் விட்ட அம்பு பேப்பரில் வட்டமாக ஓட்டை போட்டது. எனக்குக் கண் கலங்கிவிட்டது. அடுத்து முனிரத்னம் விட்டார். வில்லை உடும்பு மாதிரி இறுக்கிப் பிடித்தார். பேப்பர் பக்கவாட்டில் கிழிந்தது. என்னை முறைத்தார்.

"பொம்பளைக்குன்னு தனியா டியூன் பண்ணி வச்சிக்கிறியா?"

மாவட்டப் போட்டி

இரண்டு மாதம் அந்த வில்லிலேயே ஸ்டெல்லா பழகினாள். முனிரத்னம் எதிர்க்கவில்லை, பின்னால் நின்று யோசனை மட்டும் சொல்லிக்கொண்டிருந்தார்; கிளப்புக்குப் பெயர் வந்தால் மாலை அவர் கழுத்தில்தானே. சித்தூர் மைதானத்தில் நடுவர் வில்லை ஒரு தடவை திருப்பிப் பார்த்தார்.

"சக்கரம் வச்சா அது வண்டி. ஆர்டிஓ ஆபீசுக்கு எத்துக்கினு போங்க."

முனிரத்னம் கத்தினார். மச்சான் பெயரைச் சொன்னார். போட்டி நடத்துகிறவர்களுக்குத் தான் கொடுத்த மாங்காய்க் கூடையையும் சொன்னார். போட்டி முடியும்வரை அவர்கள் மேஜையிலேயே வாதாடிக்கொண்டு நின்றார். ஸ்டெல்லா போட்டிக்கு வந்திருந்த வேறு ஊர்ப் பெண்ணிடம் போய் ஒரு சாதாரண மரவில்லை இரவல் கேட்டு வாங்கி வந்தாள். நாணில் அம்பு பொருத்தும் இடத்தை அவளுக்கு ஏற்றபடி நூல் சுற்றிக் கொடுத்தேன். பத்து நிமிஷ வேலை.

இரண்டாம் இடம். சர்டிபிகேட் கிடைத்தது, அடுத்த வருஷம் வேலையும் நிரந்தரமானது. அன்று மைதானத்தில், எப்படி முடிந்தது என்று கேட்டதற்கு அவள் சொன்னது:

"இதுல சக்கரமும் இல்ல, பின்னால நின்னுக்கினு யோசனை சொல்ல தலைவரும் இல்லண்ணா."

அம்பு கோணலாகப் போவதற்குப் புத்தகத்தில் பதினோரு காரணம் போட்டிருந்தது. பன்னிரண்டாவது காரணம் மாங்காய் மண்டி வைத்திருப்பது அமெரிக்காக்காரனுக்கு எப்படித் தெரியும்?